சிறு விமானச் சுற்றுலா: ஏறுவதற்கு முன் மறைக்காமல் கதைப்போம்

டிசெம்பர், ஜனவரி விடுமுறைக் காலத்தில் அவுஸ்திரேலியாவில் உள்ள நம்மவர் வீடுகளில், ஊரிலிருந்து வந்த அம்மா, அப்பா, மாமா, மாமி என்று யாராவது ஒருவர் நிச்சயம் இருப்பார். வந்தவர்களுக்கு நல்லதாக நாலு இடம் காட்ட வேண்டும் என்பது பிள்ளைகளின் ஆசை. அந்தப் பட்டியலில் இப்போது சிறு விமானச் சுற்றுலாவும் இடம்பிடித்திருக்கிறது. கிரேட் ஓஷன் வீதியின் பன்னிரண்டு அப்போஸ்தலர் பாறைகள், உளுரு, விற்சண்டே தீவுகளுக்கு அப்பால் உள்ள இதய வடிவப் பவளப்பாறை, வெள்ளம் வந்து நிரம்பும் காலத்து ஏயர் ஏரி ஆகியவற்றை மேலிருந்து பார்ப்பது உண்மையில் மறக்க முடியாத காட்சிதான்.

போகவேண்டாம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஆனால் ஒரு பழக்கத்தை நாம் விட்டுவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பெற்றோருக்குத் தெரியாமல் டிக்கெட் எடுத்து, பிறந்தநாளுக்கோ அறுபதாம் கல்யாணத்துக்கோ 'சப்ரைஸ்' ஆகக் கொடுக்கும் பழக்கம்தான் அது. பிள்ளை காசு கட்டிப்போட்டான் என்பதற்காக அப்பா தன் மூச்சுத் திணறலை மறைப்பார். அம்மா தன் கண் சத்திரசிகிச்சை பற்றி வாய் திறக்க மாட்டார். பிள்ளைகளும், "ஒண்டும் நடக்காது, சும்மா வாங்கோ" என்று சொல்லி ஏற்றிவிடுவார்கள். பெரிய விமானத்தில் இப்படி மறைத்தால் பலவேளை தப்பிவிடலாம். சிறு விமானத்தில் அப்படியல்ல.

பெரிய விமானம் வேறு, சிறு விமானம் வேறு

"கட்டுநாயக்காவிலிருந்து பத்து மணித்தியாலத்துக்கு மேல் பறந்து வந்தவருக்கு ஒரு மணித்தியாலம் பறக்க என்ன கஷ்டம்?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் பெரிய விமானத்தில் உள்ளே இருக்கும் காற்றின் அமுக்கம் இயந்திரத்தால் கட்டுப்படுத்தப்படுகிறது. வெளியே 35,000 அடி உயரம் என்றாலும், உள்ளே அதிகபட்சம் 8,000 அடி மலையில் இருப்பது போன்ற நிலைதான். விமானம் இறங்கும்போதும் அமுக்கம் மெதுவாகவே மாற்றப்படும். கழிப்பறை உண்டு, முதலுதவி தெரிந்த பணியாளர் உண்டு, இரண்டு விமானிகள் உண்டு.

சுற்றுலாவுக்குப் பயன்படும் சிறு விமானங்கள் பெரும்பாலானவற்றில் இவை எதுவும் இல்லை. வெளியே என்ன அமுக்கமோ உள்ளேயும் அதுதான். ஒரேயொரு விமானி. யாருக்காவது மயக்கம் வந்தால் அவர் விமானத்தை ஓட்டுவாரா, அவரைப் பார்ப்பாரா? அதனால், தரையில் வைத்தே உண்மையைச் சொல்லிவிடுவது ஏனைய பயணங்களைவிட இதில் முக்கியம்.

எடையைச் சொல்ல வெட்கம் வேண்டாம்

பதிவு செய்யும்போது கேட்கும் முதல் கேள்வி, ஒவ்வொருவரும் எத்தனை கிலோ என்பதுதான். இதில் ஐந்தாறு கிலோ குறைத்துச் சொல்வது நம்மவரிடம் சர்வசாதாரணம். கணக்கை ஒருமுறை பாருங்கள்.

நான்கு ஆசனங்கள் கொண்ட செஸ்னா 172 ரக விமானம் ஏறக்குறைய 1,150 கிலோ மொத்த எடையுடன்தான் கிளம்பலாம். வெறும் விமானம் மட்டும் ஏறக்குறைய 770 கிலோ. மீதி 380 கிலோ. தாங்கி நிறைய எரிபொருள் நிரப்பினால் அது ஏறத்தாழ 145 கிலோ. மிஞ்சுவது 235 கிலோதான். விமானியையும் சேர்த்து 75 கிலோ உள்ள நான்கு பேர் ஏறினாலே 300 கிலோ ஆகிவிடுகிறது. அதாவது நான்கு ஆசனம் இருந்தாலும், தாங்கி நிறைய எரிபொருளோடு நான்கு பெரியவர்கள் பறக்க முடியாது. எவ்வளவு எரிபொருள் ஊற்றுவது, யாரை எங்கே இருத்துவது என்பதையெல்லாம் விமானி நீங்கள் சொல்லும் எடையை வைத்துத்தான் தீர்மானிக்கிறார். மூன்று பேர் ஆளுக்கு ஆறு கிலோ மறைத்தால் 18 கிலோ. கைப்பை, கமரா, தண்ணீர்ப் போத்தல் எல்லாம் சேர்ந்தால் இன்னும் கூடும். 40 பாகை வெயிலில் காற்றின் அடர்த்தி குறைந்து விமானம் மேலெழச் சிரமப்படும். அன்றைக்கு இந்த வித்தியாசம் பெரிய வித்தியாசம்.

மாமனார், மருமகள் எல்லோர் முன்னிலையிலும் தராசில் ஏறுவது சங்கடம் என்றால், முதல்நாளே வீட்டில் நிறுத்துப் பார்த்து, உடுப்பு, பை உட்பட உள்ள எடையைத் தொலைபேசியில் தனியாகச் சொல்லலாம். நிலையத்தில் நிறுக்கச் சொன்னாலும் மறுக்காதீர்கள். கவனமாக நடத்தும் நிறுவனம் என்பதற்கு அது ஒரு அடையாளம்.

காது, நெஞ்சு, கண்

சுற்றுலா விமானங்கள் பெரும்பாலும் சில ஆயிரம் அடி உயரத்துக்குள்தான் பறக்கும். நுவரெலியா 6,100 அடிக்கு மேல், ஊட்டி 7,300 அடிக்கு மேல். அங்கே சுகமாக நடந்து திரிந்தவருக்கு 3,000 அடியில் ஒட்சிசன் குறைவால் பிரச்சினை வராது. ஆனால் ஒரு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குபவர், அண்மையில் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர், நெஞ்சுவலி இன்னும் கட்டுப்படாதவர், நுரையீரல் நோய்க்கு வீட்டில் ஒட்சிசன் பாவிப்பவர் ஆகியோர் வைத்தியரைக் கேட்காமல் ஏறக்கூடாது. மலைத்தொடர்களுக்கு மேலாகப் போகும் பயணங்கள் 10,000 அடிவரை போகலாம். அந்த உயரத்தில் கிடைக்கும் ஒட்சிசன், கடல் மட்டத்தில் கிடைப்பதில் 70 வீதம்தான். ஆகவே எத்தனை அடி உயரம் போகும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

காதுக்குச் சிரமம் ஏறும்போதைவிட இறங்கும்போதுதான். தடிமன், சைனஸ், காதுக் குத்து இருப்பவர் பயணத்தை இன்னொரு நாளுக்கு மாற்றுவதே நல்லது. அடைத்த காதோடு இறங்கினால் கடும் வலி வரும், சிலவேளை செவிப்பறையும் கிழியலாம். மற்றவர்கள் இறங்கும்போது இனிப்பைச் சூப்பலாம், எச்சிலை விழுங்கலாம், கொட்டாவி விடலாம். கைக்குழந்தைக்கு அந்த நேரத்தில் பால் கொடுங்கள். நித்திரையாக இருக்கும் பிள்ளையை இறங்கத் தொடங்குமுன் எழுப்பிவிடுங்கள். இயந்திரச் சத்தம் பலமாக இருக்கும் என்பதால் குழந்தைக்கு அளவான காதுக்கவசம் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

கண் பற்றிய விடயம் பலருக்குத் தெரியாது. நீரிழிவு நம்மவரிடையே அதிகம். அதனால் விழித்திரைச் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களும் அதிகம். அந்தச் சிகிச்சையில் சிலருக்குக் கண்ணுக்குள் ஒரு வாயுக்குமிழியை வைத்துவிடுவார்கள். மேலே போகப் போக வெளி அமுக்கம் குறைய, அந்தக் குமிழி விரிந்து கண்ணுக்குள் அமுக்கத்தைக் கூட்டும். பார்வையே நிரந்தரமாகப் போகலாம். பாவித்த வாயுவைப் பொறுத்துக் குமிழி கரைய சில வாரங்கள் முதல் இரண்டு மாதங்கள் வரை ஆகும். அது முற்றாகக் கரைந்தது என்று கண் வைத்தியர் சொல்லும்வரை எந்த விமானத்திலும் ஏறக்கூடாது. தாழப் பறக்கும் விமானமும் இதில் அடங்கும். வழக்கமான கற்றரக்ட் சத்திரசிகிச்சையில் இந்த வாயு வைப்பதில்லை. ஆனால் அம்மா "கண்ணில ஏதோ செய்தவை" என்று மட்டும் சொன்னால், என்ன செய்தார்கள் என்பதை ஊரில் உள்ள வைத்தியசாலைக் கடிதத்தைப் பார்த்து உறுதிசெய்யுங்கள்.

பவளப்பாறைப் பக்கம் போகும் இளையவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. காற்றுத்தாங்கியோடு சுழியோடிவிட்டு அன்றே பறக்கக்கூடாது. ஒருமுறை மட்டும் சுழியோடியிருந்தால் குறைந்தது 12 மணித்தியாலமும், பலமுறை அல்லது பல நாட்கள் சுழியோடியிருந்தால் குறைந்தது 18 மணித்தியாலமும் இடைவெளி விடச் சொல்கிறார்கள் சுழியோடல் மருத்துவ வல்லுநர்கள். 24 மணித்தியாலம் விட்டால் இன்னும் நல்லது. முகமூடி, குழாயுடன் மேற்பரப்பில் நீந்துவதற்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

வயிற்றுக் குமட்டலும் குளிசைகளும்

சிறு விமானம் காற்றில் குலுங்கும். படம் எடுப்பதற்காக ஒரே இடத்தைச் சாய்ந்து சாய்ந்து சுற்றும். பஸ்சில் சத்தி வராதவருக்கும் இதில் வரலாம். மத்தியான வெயிலில் தரை சூடாகி, காற்று மேலெழும்பிக் குலுக்கல் கூடும் என்பதால் காலைப் பயணத்தைத் தெரிவுசெய்யுங்கள். வெறும் வயிறும் வேண்டாம், பிரியாணியும் வேண்டாம். இரண்டு மணித்தியாலத்துக்கு முன் இரண்டு இட்லியோ பாண் துண்டோ போதும். கமராவுக்குள்ளேயே கண்ணை வைத்திராமல் இடைக்கிடை தொடுவானத்தைப் பாருங்கள்.

சத்திக்கு ஊரிலிருந்து கொண்டுவந்த குளிசையையோ, இங்கே பார்மசியில் வாங்கியதையோ கேட்டுக்கேள்வியின்றி வயதானவருக்குக் கொடுக்காதீர்கள். இவற்றில் பல கடும் நித்திரையைக் கொடுக்கும். ஹையோசின் வகை மருந்து, கிளோக்கோமா என்னும் கண்ணமுக்க நோய் உள்ளவருக்கும், புரொஸ்டேட் வீக்கத்தால் சிறுநீர் கழிக்கச் சிரமப்படுபவருக்கும் கூடாது. முதியவர்களுக்கு அது மனக்குழப்பத்தையும் கொடுக்கலாம். பார்மசியில் உள்ள மருந்தாளரிடம், அவர் ஏற்கெனவே எடுக்கும் குளிசைகளின் பட்டியலைக் காட்டிக் கேளுங்கள். அதற்குக் காசு இல்லை.

விமானத்தில் கழிப்பறை இல்லை என்று தெரிந்ததும் நம் பெரியவர்கள் இரண்டு காரியம் செய்வார்கள். தண்ணீர் குடிப்பதை நிறுத்துவார்கள், பிரஷருக்கும் இதயத்துக்கும் எடுக்கும் நீர்க்குளிசையைத் தாங்களாகவே விட்டுவிடுவார்கள். இரண்டும் ஆபத்து. அன்றைக்குக் குளிசையைப் பயணம் முடிந்து எடுக்கலாமா என்று வைத்தியரைக் கேளுங்கள். புறப்படுமுன் கழிப்பறைக்குப் போய்வாருங்கள். இன்சுலின் எடுப்பவர் சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிட்டு, குளுக்கோஸ் அல்லது இனிப்பைச் சட்டைப்பையிலேயே வைத்திருக்க வேண்டும். பின்னால் வைத்த பையைப் பறக்கும்போது எடுக்க முடியாது.

எல்லாத் தலையிடியும் பயணத் தலையிடி அல்ல

2017 டிசெம்பர் 31 அன்று சிட்னிக்கு வடக்கே ஜெருசலேம் குடாவில் ஒரு கடல் விமானம் விழுந்து, விமானியும் ஐந்து பயணிகளும் இறந்தார்கள். 2021இல் வெளியான போக்குவரத்துப் பாதுகாப்புப் பணியகத்தின் இறுதி அறிக்கை, விமானியின் இரத்தத்தில் காபன் மொனொக்சைட் நச்சுவாயு அதிகமாக இருந்ததையும், அது அவருடைய செயற்திறனைப் பாதித்ததையும் எடுத்துக்காட்டியது. பயணிகள் இருவரின் இரத்தத்திலும் அது இருந்தது. இயந்திரப் புகைக்குழாயில் வெடிப்பும், இயந்திரத்துக்கும் பயணிகள் பகுதிக்கும் இடையேயான தடுப்பில் ஆணிகள் இல்லாத துளைகளும் கண்டுபிடிக்கப்பட்டன.

இந்த வாயுவுக்கு மணமில்லை, நிறமில்லை. தலையிடி, தலைச்சுற்று, குமட்டல், நித்திரை மயக்கம் ஆகியவை அதன் அறிகுறிகள். இவை எல்லாம் சாதாரணப் பயணக் குமட்டலைப் போலவே இருப்பதுதான் இதன் சூழ்ச்சி. குமட்டல் ஒருவருக்கு மட்டும் வந்தால் அது வயிற்றின் கோளாறாக இருக்கலாம். உள்ளே இருக்கும் பலருக்கும் ஒரே நேரத்தில் தலையிடித்தால், அல்லது புகைநாற்றம் வந்தால், உடனே விமானியிடம் சொல்லுங்கள். காற்றுத் துவாரங்களைத் திறக்க வேண்டும், ஹீற்றர் போட்டிருந்தால் நிறுத்த வேண்டும், விமானத்தை இறக்க வேண்டும். விமானியே குழப்பத்தில் இருக்கலாம் என்பதால் நீங்கள் சொல்வது முக்கியம். நிறம் மாறும் சிறு அட்டை போதாது, ஒலியெழுப்பி எச்சரிக்கும் கருவியே நம்பகமானது என்பதும் அந்த விபத்து கற்றுத்தந்த பாடம். "அப்படி ஒரு கருவி இருக்கிறதா?" என்று பதிவு செய்யும்போதே கேட்கலாம்.

விளக்கம் தமிழிலும் வேண்டும்

புறப்படுமுன் விமானி ஆங்கிலத்தில் வேகமாக ஒரு பாதுகாப்பு விளக்கம் சொல்வார். அம்மாவும் அப்பாவும் தலையாட்டுவார்கள். விளங்கியதா என்று யாரும் கேட்பதில்லை. முதல்நாள் இரவே வீட்டில் உட்கார்ந்து தமிழில் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு பிள்ளைகளுடையது.

ஆசனப்பட்டியை எப்படிப் பூட்டுவது, எப்படிக் கழற்றுவது என்று அவர்கள் கையாலேயே செய்து பார்க்க வேண்டும். 2023 ஜனவரி 2 அன்று கோல்ட் கோஸ்டில் இரண்டு சுற்றுலா ஹெலிகொப்டர்கள் மோதி நான்கு பேர் இறந்தார்கள். உயிர்காப்பு அங்கி இடைஞ்சலாக இருந்ததால் சில பயணிகளின் ஆசனப்பட்டி சரியாகப் பொருந்தவில்லை என்பதை அந்த விசாரணை காட்டியது. பட்டி அங்கிக்குக் கீழே, இடுப்பெலும்போடு ஒட்டி இருக்க வேண்டும்.

கடல் விமானம் என்றால் இன்னும் இரண்டு விடயம். உயிர்காப்பு அங்கியை விமானத்துக்குள் வைத்து ஊதவே கூடாது. ஊதினால் மிதந்து கூரையோடு ஒட்டிவிடுவோம், வெளியே வர முடியாது. விமானம் தண்ணீரில் கவிழ்ந்தால் அசைவு நின்றபின், ஒரு கையால் கதவருகே ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு, வழியைத் திறந்த பிறகே ஆசனப்பட்டியைக் கழற்ற வேண்டும். முதலே கழற்றினால் திசை தெரியாமல் போகும்.

சேலையும் துப்பட்டாவும் அன்றைக்கு வேண்டாம். கால்சட்டையும் கட்டும் சப்பாத்தும் வசதி. ஓடுதளத்தில் புரொப்பெல்லர் பக்கம் ஒருபோதும் போகக்கூடாது, அது நின்றிருந்தாலும். விமானியின் பக்கத்து ஆசனத்தில் இருப்பவர் எந்தப் பிடியையும் மிதியையும் தொடக்கூடாது. மறதி நோய் உள்ளவரையும், பதற்றத்தில் கையைக் காலை ஆட்டக்கூடியவரையும் அந்த ஆசனத்தில் இருத்தாதீர்கள்.

"இன்றைக்குப் பறக்க முடியாது" என்றால்

காற்று, முகில் சரியில்லை என்று விமானி பயணத்தை நிறுத்தினால் சண்டை பிடிக்கும் ஆட்களையும் பார்க்கிறோம். "நாளைக்கு அவர்கள் ஊருக்குப் போகினம், இன்றைக்கே வேணும்" என்று கெஞ்சுபவர்களும் உண்டு. 2015 ஜூன் 25 அன்று அமெரிக்காவின் அலாஸ்காவில் ஒரு சுற்றுலா விமானம் மோசமான காலநிலையில் மலையில் மோதி ஒன்பது பேரும் இறந்தார்கள். பயணிகளைக் குறித்த நேரத்துக்கு உல்லாசக் கப்பலில் சேர்க்க வேண்டும் என்ற நெருக்கடியும் அதன் பின்னணியில் இருந்ததாக விசாரணை சொன்னது. நாம் கொடுக்கும் நெருக்கடியும் இப்படித்தான். ஆகவே விமானப் பயணத்தைப் பயணத் திட்டத்தின் கடைசி நாளில் வைக்காதீர்கள். மாற்று நாள் ஒன்று இருந்தால் யாரும் யாரையும் கெஞ்சத் தேவையில்லை.

பதிவு செய்யுமுன் கேட்க வேண்டியவை

1. சிவில் விமானப் பாதுகாப்பு அதிகாரசபையான காசாவின் நிறுவன அனுமதிப் பத்திரம் உண்டா? தனியார் விமானி லைசென்ஸ் வைத்திருக்கும் நண்பரின் நண்பரோடு செலவைப் பகிர்ந்து பறப்பது வேறு. அதற்கான விதிகள் அவ்வளவு இறுக்கமானவை அல்ல.

2. எத்தனை அடி உயரம், எவ்வளவு நேரம், இடையில் எங்காவது இறங்குமா?

3. காபன் மொனொக்சைட் எச்சரிக்கைக் கருவி உண்டா?

4. காலநிலையோ உடல்நிலையோ காரணமாக நிறுத்தினால் காசு திரும்பக் கிடைக்குமா, நாள் மாற்றலாமா?

5. பெற்றோரின் பயணக் காப்புறுதி சிறு விமானப் பயணத்தை உள்ளடக்குகிறதா? இலங்கை, இந்தியாவிலிருந்து விசிட்டர் விசாவில் வருபவர்களுக்கு மெடிகேர் இல்லை என்பதை மறக்க வேண்டாம். அதே காரணத்தால்தான் அவர்கள் இங்கே வைத்தியரிடம் போகத் தயங்குகிறார்கள். ஊரில் வழமையாகப் பார்க்கும் வைத்தியரைத் தொலைபேசியில் கேட்டாலும் போதும்.

இவ்வளவையும் பார்த்துவிட்டு, "ஒரு மணித்தியாலப் பயணத்துக்கு இவ்வளவு ஆராய்ச்சியா?" என்று சிலர் சலிக்கலாம். உண்மையில் இதற்குத் தேவைப்படுவது ஒரு மாலைப்பொழுதுக் கதையும் இரண்டு தொலைபேசி அழைப்புகளும்தான். நூற்றுக்கணக்கான டொலரைக் கட்டுபவர்கள் அதைச் செய்யலாம்.

டிக்கெட் எடுப்பதற்கு முன் அம்மாவையும் அப்பாவையும் உட்கார வைத்து, விமானம் எவ்வளவு சிறியது, எப்படிக் குலுங்கும் என்று படத்தைக் காட்டிச் சொல்லுங்கள். "உங்களுக்கு விருப்பமோ? உடம்பில ஏதும் கரைச்சல் இருக்கோ?" என்று கேளுங்கள். அவர்கள் "வேண்டாம் மோனை" என்றால் அதை மனதார ஏற்றுக்கொள்ளுங்கள். பன்னிரண்டு அப்போஸ்தலர் பாறைகளைப் பார்க்கத் தரையிலும் நல்ல மேடை கட்டி வைத்திருக்கிறார்கள். ஒரு போத்தல் தேத்தண்ணியோடு அங்கே நின்று பார்த்தாலும் அந்தக் கடல் அழகுதான்.